இருபதாவது விண்ணப்பம்

ஆடி 3, சனி

காலையிலிருந்து ஆடிக் காற்று. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் விண்ணப்பங்கள் பறக்கின்றன. ஸ்டேப்ளர், பஞ்சிங் மெஷின், என் டிபன் பாக்ஸ், மூன்றையும் மேலே வைத்துக்கொண்டு வேலை.

வந்தவை: ஒன்பது. வேண்டியது: இருபது.

கல்லூரி முதல்வர் நேற்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இருபதுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் பகுதிநேர எம்.பி.ஏ. இந்தத் தடவை கிடையாது ஞானசேகரன். பத்தொன்பதுன்னு வந்து என் முன்னாடி நிக்காதீங்க." பகுதிநேரப் பிரிவு என்றால் நான்தான். விண்ணப்பம் வாங்குவது, சரிபார்ப்பது, சனி ஞாயிறு வகுப்பறை திறப்பது, வருகை எடுப்பது, விழுப்புரத்திலிருந்து வரும் ஆசிரியருக்கு டீ சொல்வது, எல்லாம். ஒரு பேட்ச் மூன்று வருஷம். அது முடிந்தால்தான் அடுத்தது. போன பேட்ச் வைகாசியில் முடிந்தது. அன்றிலிருந்து சனி ஞாயிறு இரண்டும் வெறும் நாள்.

இன்று போன் செய்தது, விசாரித்துவிட்டுப் போன பதினாறு பேருக்கு. பதில் எல்லாம் ஒரே பதில்.

"ஆடி போவட்டும் சார்."

"ஆவணி பொறந்ததும் மொத நாளே வந்துடறேன் சார்."

"எங்கம்மா ஆடில எதுவும் கையெழுத்து போடக்கூடாதுன்றாங்க சார்."

கடைசித் தேதியும் ஆடியில்தான். இதைப் போட்ட புண்ணியவான் எந்த ஊரோ. இந்தக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஆடியில் பெண் பார்க்கப் போகமாட்டார்கள், வீடு மாறமாட்டார்கள், படிப்பு மட்டும் ஆரம்பிப்பார்களா.

வந்த ஒன்பது பேர்: நகைக்கடை சூப்பர்வைசர், ஸ்டாஃப் நர்ஸ் இருவர், தனியார் பள்ளி ஆசிரியை, மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் கம்பெனியில் ஒருவர், உரக்கடைக்காரர், டிராக்டர் ஷோரூம் பையன், கிளை நூலகத்தில் தற்காலிக வேலை பார்க்கும் பெண். ஒன்பதாவது, சங்கராபுரத்து மாப்பிள்ளை. அவர் வரவில்லை, அவர் அம்மா வந்தார்.

"தை மாசம் கல்யாணம் சார். பத்திரிகைல எம்.பி.ஏ.ன்னு போடணும். சேந்த ஒடனே போட்டுக்கலாமா?"

மூன்று வருஷம் ஆகும் என்றேன்.

"அடைப்புக்குறிக்குள்ள போட்டுக்கறோம் சார். பொண்ணு வூட்ல ஒத்துக்குனாங்க."

வாங்கி வைத்துக்கொண்டேன். அடைப்புக்குறி ஆனால் என்ன, எண்ணிக்கையில் ஒன்று.

மதியம் தயிர் சாதம், வாங்கிய ஊறுகாய். ஊறுகாய் பாட்டில் மாற்ற வேண்டும்.

ஆடி 5, திங்கள்

விண்ணப்பம் சரிபார்ப்பு. மொத்தம் பதின்மூன்று. தேறியது பத்து. தள்ளியது மூன்று: ஒருவருக்கு டிகிரியில் ஒரு பேப்பர் பாக்கி. ஒருவர் இந்த வருஷம்தான் டிகிரி முடித்தவர், இரண்டு வருட வேலை அனுபவம் கட்டாயம் வேண்டும். மூன்றாவது வெள்ளிமலையிலிருந்து ஒரு பெண், பூங்கொடி, வயது இருபத்தொன்பது, பி.காம். முதல் பக்கத்திலேயே பணி: இல்லை. பணி அனுபவம்: இல்லை. அதற்கு மேல் என்ன பார்ப்பது? சிவப்புப் பேனாவால் ஒரு கோடு, கட்டி ஓரமாக வைத்தேன்.

சாயங்காலம் மல்லிகாவுக்குப் போன். நான்கு நிமிஷம். பேத்தி பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தாள்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"இனிமேதான். கவிதா இன்னும் ஆபீஸ்லேர்ந்து வரல. குழந்த படுத்துது. வெக்கட்டுமா?"

வைத்தாள்.

எங்கள் மகள் கவிதாவின் பிரசவத்துக்கு மல்லிகா சென்னைக்குப் போனபோது மூன்று மாதம் என்றுதான் பேச்சு. இப்போது மூன்று வருஷம். குழந்தை பள்ளிக்கூடத்துக்கே போகிறது. கவிதாவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள், வேறு யார் பார்ப்பார்கள்? யார் மேலும் தப்பு இல்லை.

தெருவில் கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில் உண்டு. "எனக்கு சனி ஞாயிறு கிளாஸ், அதான் போக முடியல." எல்லாரும் தலையாட்டுவார்கள். நல்ல பதில், யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

உண்மையை இங்கே எழுதலாம். போன பொங்கலுக்குப் போயிருந்தேன். ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன். மாப்பிள்ளை இரவு மேட்ச் பார்ப்பவர். நான் படுத்ததும் டிவியை அணைத்துவிட்டு ரூமுக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, மரியாதையான பிள்ளை. அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. கிளாஸ் இருக்கிறது என்று சொல்லி ஒரு நாள் முன்னாலேயே பஸ் ஏறினேன். இரு என்று ஒருவரும் சொல்லவில்லை.

பேட்ச் ஓடாவிட்டால் அந்தப் பதிலும் போய்விடும். அப்புறம், போக முடியாதவன் இல்லை நான், யாரும் கூப்பிடாதவன். இரண்டும் ஒன்று இல்லை.

ஆடி 9, வெள்ளி

மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் விடியற்காலையிலிருந்து. கூழ் ஊற்றுகிறார்கள். வீரம்மா ஒரு தூக்கு நிறையக் கூழ் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு தனியாக. எங்கள் அலுவலகத்தைப் பெருக்குவதிலிருந்து பெல் அடிப்பதுவரை வீரம்மாதான். கல்லூரிக்கு என்னைவிட நான்கு வருஷம் மூத்தவர். அதை மறக்கவும் விடமாட்டார்.

தேறியது: பன்னிரண்டு. எட்டு குறைவு.

ஆவணி ஆவணி என்பவர்களின் பட்டியலைக் காட்டிப் புலம்பினேன். வீரம்மா கூழைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"ஆடின்னா எல்லா நாளும் ஆவாதா சார்? பதினெட்டாம் பெருக்கு ஒண்ணு இருக்குல்ல?"

"அதுக்கு?"

"அன்னிக்கு எது ஆரம்பிச்சாலும் பெருகும்னு சனங்க தாலிக்கயிறே மாத்துதுங்க. உங்க ஃபாரத்த குடுக்க மாட்டாங்களா? இன்னா சார் இத்தினி வருசம் இந்த ஊர்ல இருந்துகினு?"

நான் களமருதூர்க்காரன். ஆடிப்பெருக்கு எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் தோன்றவில்லை. இந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துபோகிறது.

மறுபடி பதினாறு பேருக்கும் போன். "ஆடி பதினெட்டு ஞாயித்துக்கிழமை. ஆபீஸ் திறந்திருக்கும். நல்ல நாள்." பதினோரு பேர் சரி என்றார்கள். ஒருவர் மட்டும், "எந்நேரம் நல்ல நேரம் சார்?" என்றார். காலண்டர் பார்த்துச் சொன்னேன். இந்த வேலைக்கு இப்போது ஜோசியமும் சேர்ந்துகொண்டது.

தூக்கைக் கழுவிக் கொடுத்தேன். "வெச்சுட்டுப் போங்க சார், நான் கழுவ மாட்டனா" என்று திட்டு. வீட்டில் இன்னொரு ஆள் சாப்பிட்ட பாத்திரம் கழுவி நாளாயிற்று.

ஆடி 18, ஞாயிறு

வந்துவிட்டார்கள்!

எட்டரைக்கே கேட் முன்னால் மூன்று பைக், ஒரு கார். புதுச் சட்டை, தலை நிறையப் பூ. கல்லூரி அலுவலகம் கல்யாண மண்டபம் மாதிரி. ஒரு விண்ணப்பத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள். நகலெடுக்கும்போது மெஷின் கண்ணாடியிலும் மஞ்சள். ஒரு அம்மா, "எமகண்டத்துக்கு முன்னாடி உங்க சீல் விழணும் சார்" என்று பக்கத்திலேயே நின்றார். அடித்தேன்.

பதினோரு பேர் சொன்னார்கள், வந்தவர்கள் ஏழு.

அவர்களில் இருவர் ஒரே அரிசி ஆலையிலிருந்து. ஒருவர் முதலாளியின் மகன். இன்னொருவர் அதே ஆலையில் ஒன்பது வருஷமாகக் கணக்கு எழுதுபவர். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. என் மேசை முன்னால் சந்தித்துக்கொண்டார்கள். கணக்கர் எழுந்தே விட்டார். மகன், "உக்காருங்கண்ணே, உக்காருங்கண்ணே" என்று இரண்டு முறை சொன்னார். உட்காரவில்லை. போகும்போது என் காதோரம் வந்து, "சின்ன மொதலாளிக்குப் பக்கத்துல மட்டும் என்னப் போட்டுடாதீங்க சார். அவர் தப்பா எழுதுனா நான் திருத்திடுவேன். பழக்கம்."

சிரித்து நாளாயிற்று. இன்று சிரித்தேன்.

இதற்குத்தான் எனக்குப் பகுதிநேர வகுப்பு பிடிக்கும். முழுநேரப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வயது, ஒரே பேச்சு. இங்கே நர்ஸ் பக்கத்தில் உரக்கடை, டிராக்டர் பக்கத்தில் நகைக்கடை. வாரம் முழுக்க ஆளுக்கொரு திசையில் அலைந்துவிட்டு சனிக்கிழமை ஒரே பெஞ்சில் தூங்கி வழிவார்கள். போன பேட்ச்சில் இடைவேளைக்கு எனக்கும் சேர்த்துத்தான் டீ சொல்வார்கள். சர்க்கரை கம்மி என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு மணிக்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். கோமுகி அணைக்கு. ஊரே அங்கேதான் இருக்கும். யாரோ ஒரு வீட்டு அம்மா எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் இலையில் மடித்துக் கொடுத்திருந்தார். ஃபேனைப் போட்டு மேசையிலேயே சாப்பிட்டேன். வீரம்மாவும் இல்லை. கல்லூரி முழுக்க நான் ஒருவன்.

தேறியது: பத்தொன்பது.

இரண்டு முறை எண்ணினேன். பத்தொன்பதுதான்.

ஆடி 20, செவ்வாய்

வானம் மூடியே இருக்கிறது, மழை இல்லை.

முதல்வரிடம் போனேன். அவர் சொல்லி வைத்தது போலவே போய் நின்றேன். பட்டியலை வாங்கினார், கீழே எண்ணைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு லிஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் போகணும். அதுக்குள்ள இன்னொண்ணு வந்தா பாப்போம். இல்லன்னா இவங்க சர்டிபிகேட்ட எல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க."

இன்னொன்று. எங்கே போவது? வராமல் போன நான்கு பேருக்கும் போன். ஒருவர் மலேசியா போகிறார். ஒருவரின் மனைவி வேண்டாம் என்கிறாராம். இருவர் எடுக்கவில்லை.

சாயங்காலம் மல்லிகா எடுத்தாள். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"இந்தத் தடவ பேட்ச் ஓடாது போலருக்கு."

"ஏன்?"

"ஒரு ஆள் கம்மி."

அந்தப் பக்கம் குழந்தையை உஷ் என்று அடக்கினாள். பிறகு, "அப்போ இனிமே சனி ஞாயிறு சும்மாதான் இருப்பீங்களா?" என்றாள்.

"ஆமா."

"சரி, பாக்கலாம். அடுப்புல பால் வெச்சிருக்கேன்." வைத்துவிட்டாள்.

வா என்ற ஒரு சொல் வரவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் வீடாக இருந்தால் சொல்லியிருப்பாள். அது மாப்பிள்ளை வீடு. இரண்டு ரூம். வாராவாரம் ஹாலில் ஒரு ஆள் படுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவள் என்ன செய்வாள், பாவம். இப்போது எனக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது நான்.

பேட்ச் ஓட வேண்டும். எப்படியாவது ஓட வேண்டும். படிப்பவர்களுக்காக என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். எனக்காகத்தான்.

ஆடி 21, புதன்

தள்ளிய விண்ணப்பங்களை எடுத்தேன். இப்போது ஆறு. டிகிரி பாக்கி, அனுபவம் இல்லை, டிகிரியே இல்லை... ஒவ்வொன்றும் நியாயமாகத் தள்ளியதுதான் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டே வந்தேன். பூங்கொடி, வெள்ளிமலை. இதில் மட்டும் முதல் பக்கத்துக்கு மேல் நான் புரட்டவே இல்லை.

நான்காவது பக்கம். ஏன் இந்தப் படிப்பில் சேர விரும்புகிறீர்கள்? மற்றவர்கள் எல்லாரும் இணையத்திலிருந்து இரண்டு வரி எடுத்து ஒட்டியிருப்பார்கள். இந்தப் பெண் ஓரம் வரை எழுதியிருந்தாள். அப்படியே இங்கே எழுதிக்கொள்கிறேன்.

"நான் ஆறு வருடமாக ஐந்து ஊர்களில் சாமை, தினை, புளி, கடுக்காய் வாங்கி கள்ளக்குறிச்சிக்கு அனுப்புகிறேன். எடை போடுவது, காய வைப்பது, ஜீப் பிடிப்பது, கடைக்காரர்களிடம் பேசுவது எல்லாம் நான். ஆனால் கடைக்காரர்கள் விலையை மட்டும் என் அண்ணனிடம் பேசுகிறார்கள். என்னிடம் பேச வைக்க வேண்டும். அதற்குப் படிக்க வேண்டும்."

ஆறு வருடம்! இவளுக்குப் பணி இல்லையாம், அனுபவமும் இல்லையாம். அதை நம்பி சிவப்புக் கோடு போட்டவன் நான்.

வீரம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"எங்க வூட்டு மருமவ காலைல மாடு கறந்து, களை வெட்டி, பால் ஊத்தி, பொழுது சாய வரைக்கும் ஓடிக்கினு இருக்கா. ரேசன் கார்டுல வேலை இன்னான்னு கேட்டா சும்மாதான் இருக்கன்னு சொன்னா. மாசம் பொறந்தா ஒருத்தன் சம்பளம் குடுத்தாதான் சார் வேல. தானா செய்யறது வேலயா?"

சொந்தத் தொழில் என்றால் அனுபவச் சான்றிதழ்கூட வேண்டாம். அவரே கையெழுத்திட்ட உறுதிமொழி போதும். விதி எனக்கு மனப்பாடம்.

பூங்கொடியின் எண்ணுக்கு எட்டு முறை போன். தொடர்பு எல்லைக்கு வெளியே. நாளைக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

ஆடி 22, வியாழன்

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ். அணை தாண்டியதும் ஏற்றம். வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரன். பக்கத்தில் ஒருவர் மடியில் கோழி. மேலே போகப் போகக் குளிர், நான் அரைக்கைச் சட்டை.

கடைத்தெருவில் பேரைச் சொன்னதும் கை காட்டிவிட்டார்கள். "சாமைக்காரப் பொண்ணா? அதோ அந்த தகரக் கொட்டா." பணி இல்லாத பெண்ணை ஊருக்கே தெரிகிறது.

தார்ப்பாய் விரித்துச் சாமை காய்ந்துகொண்டிருந்தது. தூறல் வரும் போலிருந்ததால் இரண்டு பெண்களை விரட்டி விரட்டி அள்ள வைத்துக்கொண்டிருந்தாள். உயரம் கம்மி, குரல் பெரிசு. தலையில் துண்டு. நான் யார் என்று சொன்னதும் துண்டை அவிழ்த்துவிட்டு நாற்காலி தேடினாள். மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

"உங்க ஃபாரத்துல வேலை இல்லன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். இல்ல."

"இது என்ன?"

சுற்றிப் பார்த்தாள். "இது நம்ம வேல சார். உத்தியோகம் இல்லயே."

விளக்கினேன். ஆறு வருஷ அனுபவம், உறுதிமொழி, கையெழுத்து. கேட்டுக்கொண்டே சாமையைக் கையில் எடுத்து ஊதி ஊதிப் பார்த்தாள்.

"நீங்க தள்ளிட்டீங்கன்னு நெனச்சு அண்ணன் நல்லதாப் போச்சுன்னு சொல்லிடுச்சி சார். இப்போ திடீர்னு மல ஏறி வந்திருக்கீங்க. எனக்காகவா, எண்ணிக்கைக்கா?"

இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"எண்ணிக்கைக்குத்தான். பத்தொம்போது பேர் இருக்காங்க. ஆனா உங்க நாலாவது பக்கத்தப் படிக்காம தள்ளுனது என் தப்பு. அதுக்கும் சேத்துத்தான் வந்தேன்."

இதற்கு அவள் சிரித்தாள். டீ வந்தது, சர்க்கரை தூக்கல். குடித்தேன்.

"நான் மேலேர்ந்து எறங்கி வர்றவ சார். மொத பஸ்ஸ புடிச்சாதான் ஒம்போது மணிக்கு வர முடியும். சாயங்காலம் கடைசி பஸ் போயிடுச்சின்னா அவ்ளோதான். பாதில நிறுத்திட்டீங்கன்னா எங்க ஊர்ல என்னத் தலையெடுக்க விடமாட்டாங்க. பொம்பள போனா, திரும்பி வந்துட்டான்னு பேசுவாங்க. மூணு வருசமும் ஓடுமா?"

"ஆரம்பிச்சா ஓட்டித்தான் ஆகணும். நடுவுல மூட முடியாது."

"காலேஜ் ஓடும். பஸ்ஸுக்கு நேரத்தோட யார் விடுவாங்க? புதுசா ஒரு சார் வந்து உக்காந்தா எனக்காகக் கேப்பாரா? நீங்க இருப்பீங்களா சார் மூணு வருசமும்?"

"இருப்பேன்."

"சனி ஞாயிறு ரெண்டு நாளும்?"

"நான் எங்க போவப் போறேன்மா? இருப்பேன்."

சொன்னபோது ஒரு சுகம். என்னிடம் இரு என்று ஒருவர் கேட்டு எவ்வளவு நாள்!

கொட்டகைக்குள் போய்க் கை கழுவி, துடைத்து, வந்து கையெழுத்துப் போட்டாள். அண்ணன் அந்த நேரம் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூட்டிக்கினு போய் பஸ் ஏத்தி வுடு, சார் குளுர்ல நடுங்கறாரு" என்றாள் அவரிடம். அவர் சொன்னபடி கேட்டார்.

இறங்கும்போது தூறல். உறுதிமொழியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆடி 23, வெள்ளி

காலை பத்து: முதல்வரிடம் பட்டியல். இருபது. கை கொடுத்தார், இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "மலைக்கே போயிட்டீங்களாமே ஞானசேகரன்." வீரம்மா சொல்லியிருக்கிறார்.

இரண்டு மணிக்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாயிற்று. அங்கிருந்து பதில் வந்தபின் வீரம்மாவுக்கு ஒரு மைசூர்பாகு. எனக்கும் ஒன்று, சர்க்கரையாவது ஒன்றாவது.

சாயங்காலம் நானே முதலில் போன் போட்டேன். மல்லிகா ஹலோ சொல்லவும் விடவில்லை.

"பேட்ச் ஓடுது! இருபது ஆயிடுச்சி. மூணு வருஷத்துக்குக் கவலை இல்ல. சனி ஞாயிறு எப்பவும் போல கிளாஸ்."

அவளை ஒரு சங்கடத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு. அப்பாடா என்பாள் என்று காத்திருந்தேன்.

"ஓ" என்றாள். பிறகு, "நல்லதுதான்" என்றாள். குரல் சரியில்லை.

"என்ன மல்லிகா?"

"ஒண்ணுமில்லங்க."

"சொல்லு."

"இல்லங்க... அன்னிக்கு நீங்க பேட்ச் ஓடாதுன்னு சொன்னீங்கல்ல. போன வெச்சதும் கவிதாகிட்ட சொன்னேன். அவ மாப்பிள்ளகிட்ட சொல்லிட்டா. பால்கனிப் பக்கம் சின்ன ரூம்ல சாமான் போட்டு வெச்சிருந்தோம்ல, அத எல்லாம் அவரே லீவு போட்டு நேத்து ஒழிச்சாரு. கட்டிலும் வந்துடுச்சி. வெள்ளிக்கிழம சாயங்காலம் பஸ் ஏறுனீங்கன்னா ரெண்டு நாள் இருந்துட்டுப் போவலாம்னு... எல்லாம் ரெடி பண்ணிட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"மூணு வருஷமா உங்களக் கூப்புடணும்னு நெனப்பேன். எப்பக் கேட்டாலும் கிளாஸ் கிளாஸ்னுவீங்க. உங்களுக்கு அங்கதான் புடிச்சிருக்கு போலன்னு விட்டுட்டேன்."

"பொங்கலுக்கு வந்தப்போ ஒருத்தரும் இருன்னு சொல்லல."

"நீங்க பைய எடுத்து வாசல்ல வெச்சிட்டுத்தான காப்பியே குடிச்சீங்க?"

ஆணியில் தொங்கும் அந்தப் பையைப் பார்த்தேன்.

"வேற யார்கிட்டயாச்சும் மாத்தி வுட முடியாதாங்க?"

பூங்கொடியைப் பற்றிச் சொன்னேன். மலை, முதல் பஸ், அண்ணன், நான் சொன்ன வார்த்தை, எல்லாம். முழுக்கக் கேட்டாள். எங்கள் போன்களில் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

"அப்போ இருங்க" என்றாள். "அந்தப் பொண்ணு நம்பி எறங்கி வருது. நீங்க இருங்க."

அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன்.

ஆவணி 7, சனி

நல்ல வெயில். எட்டுக்கே திறந்தேன். சாக்பீஸ் இல்லை, கடையில் வாங்கி வந்தேன். ஒரு ஃபேன் ஓடவில்லை, எலக்ட்ரீஷியன் திங்கள்தான் வருவாராம்.

முதலில் வந்தது பூங்கொடி, எட்டே முக்காலுக்கு. பஸ்ஸில் வாந்தியாம், முகம் வெளுத்திருந்தது. வீரம்மா சோடா வாங்கிக் கொடுத்தார். கணக்கர் கடைசி பெஞ்ச், சின்ன முதலாளி முதல் பெஞ்ச். ஆனாலும் இடைவேளையில் இருவரும் ஒரே நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கராபுரத்து மாப்பிள்ளை வந்துவிட்டார், அம்மாவோடு. அம்மாவை வெளியே உட்கார வைத்தோம்.

சாயங்கால வகுப்பு நான்கு மணிக்கு முடிய வேண்டும் என்று ஆசிரியரிடம் பேசிவிட்டேன். வெள்ளிமலை பஸ்.

காலண்டரில் கல்லூரி விடுமுறையோடு சேர்ந்து, வகுப்பு இல்லாமல் வரும் சனி ஞாயிறுகளை எண்ணினேன். தைப் பொங்கல் வரைக்கும் மூன்று.

ஒரு மணிக்குக் கவிதா படம் அனுப்பியிருந்தாள். சின்ன ரூம், ஜன்னல், கட்டில், நடுவில் பேத்தி, இரண்டு காலும் காற்றில். கீழே ஒரு வரி. "தாத்தா கட்டில்ல தினமும் குதிக்கிறாப்பா, எறங்க மாட்டேன்றா."

அதற்கு அங்கே தாத்தா கட்டில் என்று பேர்.

இரண்டு மணிக்கு பெல். போய் வருகை எடுத்தேன். இருபது பேரும் இருந்தார்கள்.